இருபது ரூபாய் நோட்டில் இல்லாத வீடு

எங்கள் தீவில், பம்பூ ஃபிளாட் ஜெட்டியில் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டும் எங்கள் பத்துப் பேரில் எனக்குப் பிடிக்காத ஒரே ஆள் கஸ்பார்தான். வாயைத் திறந்தால் பொது அறிவு. நான் ஒரு சவாரி பேசி முடிப்பதற்குள், ஆக்டோபஸுக்கு மூன்று இருதயம் என்று சொல்லியே அவர் இரண்டு சவாரியை வளைத்துவிடுவார். 1939இல் டர்பனில் பன்னிரண்டு நாளாகியும் முடியாத டெஸ்ட் மேட்சை, கப்பலுக்கு நேரமாகிவிட்டது என்று இங்கிலாந்துக்காரர்கள் அப்படியே விட்டுப் போனார்களாம். கப்பல் டிக்கெட்டுக்கு வரிசையில் நின்றே நரைத்துப்போன எங்களுக்கு அது ஒன்றுதான் நம்பும்படி இருந்தது.

சவாரிக்காரர்களோடு மலைமேல் போனதும் பழைய இருபது ரூபாய் நோட்டை எடுப்பார். அதன் பின்பக்கத்தை எதிரே தெரியும் நார்த் பே கரைக்கு நேராகப் பிடித்து, "சாப், தேக்கோ! நோட்டுல இருக்க தென்னையும் லைட் ஹவுஸும் இதுதான்" என்பார். புது நோட்டில் எல்லோரா வந்துவிட்டதால், பழையதை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தார்.

அவர் மனைவி சூசைமேரி மட்டும் மசியமாட்டார்.

"ஊரு உலகத்துக்கெல்லாம் காட்டுறீரு. நம்ம வீடு அதுல இல்லியே?"

"ஒரு விரக்கடை தள்ளி எடுத்துட்டான். நான் என்ன செய்ய?"

சூசைமேரிக்கு இருதயத்தில் கோளாறு என்று தெரிந்த அன்றுகூட, "ஆக்டோபஸுக்கு மூணாம். எனக்கு உள்ளதே ஒண்ணு, அதுவும் ரிப்பேரு" என்று சிரித்தாராம்.

ஆபரேஷனுக்குச் சென்னைக்குப் போக வேண்டியிருந்தது. டிசம்பர் சீசனை விட மனமில்லாமல் கஸ்பார் மகன் ஜோஸ்வாவைத் துணைக்கு அனுப்பினார். "ஆபரேஷனுக்கு மொத நாளு ஃபிளைட்ல வந்துருவேன்" என்றார். ஹாடோ கப்பல் துறையில் சூசைமேரி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கப்பலுக்கு நேரமாகிவிட்டது. கஸ்பார் அவசரமாக அந்த நோட்டை அவர் கையில் திணித்தார். "வார்டுல காட்டு. எங்க ஊருன்னு சொல்லு."

ஆபரேஷனுக்கு நான்கு நாள் முன்பே அந்த ஒரு இருதயமும் நின்றுபோனது. விமானம் ஏறிப் போன கஸ்பாருக்கு அடக்கம்தான் வாய்த்தது.

பிறகு கப்பலில் வந்த ஜோஸ்வா அம்மாவின் பையைக் கொடுத்தான். அதற்குள் உறையோடு நோட்டு இருந்தது. பின்பக்கம் படம் முடிகிற ஓரத்தில், வெள்ளையாக விட்டிருந்த இடத்தில், நீலப் பேனாவால் ஒரு சின்ன வீடு. வாசலில் ஒரு ஜீப். பக்கத்துப் படுக்கைக்காரிக்கு வரைந்து காட்டி, "இந்நேரம் வண்டி வீட்டுக்கு வந்திருக்கும்" என்றாராம்.

இப்போதெல்லாம் கஸ்பார் சவாரியில் வாயே திறப்பதில்லை. எனக்கு வருமானம் கூடியிருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் தொணதொணப்பு திரும்பி வந்தால் போதும் என்றிருக்கிறது.

போன வாரம் மலைமேல் ஒரு மதுரைக் குடும்பம், யூடியூபில் பார்த்தோம் என்று நோட்டைக் கேட்டு அவரை நச்சரித்தது. உறையோடு எடுத்துக் கொடுத்தார். போட்டோ எடுக்க நோட்டைப் பிடித்த பெண் முகம் சுளித்தாள்.

"அங்கிள், இதுல யாரோ கிறுக்கி வச்சிருக்காங்க. கிளீனா வேற நோட்டு இல்லையா?"

கஸ்பார் அதைத் திரும்ப வாங்கிச் சட்டையில் துடைத்தார்.

"கிறுக்கல் இல்லம்மா, எங்க வீடு. வரைஞ்சவதான் இப்ப இல்ல."