மண்ணுக்கு முன்பே மக்கிய உறை

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூர் மாடவீதிப் பூக்கடையில் ஒருவரை ஏழு முறை பார்த்தேன். அடையாற்றில் ஆராய்ச்சி வேலை. ஒல்லியான உடம்பு, சட்டைப்பையில் நான்கு பேனா. பூக்காரி நார் உரித்து எறியும் வாழைமட்டைகளைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துப் பைக்குள் வைப்பார். அவற்றைக் கண்ணுக்குத் தெரியாத இழைகளாக உடைத்து, மண்ணில் மக்கும் உறை செய்கிறாராம்.

ஏழாம் முறை, கண்ணாடி போன்ற ஓர் உறையை நீட்டினார். "இதுல ரெண்டு முழம் மல்லி போடும்மா. நாளைக்கு டெல்லிலேர்ந்து பணம் குடுக்கற அதிகாரிகள்லாம் பாக்க வரா. இது தாங்கலேன்னா என் ஆராய்ச்சியையே மூடிடுவா."

ஈரப்பூ உள்ளே போனது. நான் பதினொன்று எண்ணுவதற்குள் அடிப்பக்கம் கூழாகி, பூ தரையில் விழுந்தது.

"இன்னா சார், மண்ணுக்குப் போறதுக்கு மின்னாடியே மக்கிக்கிச்சு!" என்று சிரித்த பூக்காரி, பூவை ஒரு வாழைமட்டையில் சுருட்டி நாரால் கட்டினாள். "இதுவுந்தான் மக்கும். டெல்லிக்காரங்க கைல இத்தக் குடு."

அவர் கோபப்படவில்லை. மட்டையின் மேல் உருண்டு நின்ற நீர்த்துளிகளையே பார்த்தார்.

"மட்டையோட மெழுகு! தண்ணி ஒட்டாம உருள்றதே இதாலதான். இதைத்தானே நான் மொதல்ல கழுவிக் கொட்டிண்டிருக்கேன்!"

பூவை மறந்து, வெறும் மட்டையோடு பேருந்துக்கு ஓடினார். தோற்ற மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம் எப்படி வந்தது என்பது மட்டும் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.