நூற்று இருபத்துமூன்று சதவீதக் கும்மி

எங்கள் அலுவலகத்தில் பெண்கள் எட்டுப் பேர். எட்டுப் பேரும் சண்டையில்லாமல் ஒத்துப்போன ஒரே விஷயம் அந்தப் பொங்கல் கும்மிதான். ஊரில் ஒரு மகளிர் சங்கம் போட்டி வைத்தது. முதலில் வீடியோ அனுப்ப வேண்டும். மூன்று நிமிடத்துக்கு மேல் ஒரு நொடி போனாலும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தேர்வானால் மேடை.

எங்கள் தலைவி கண்காணிப்பாளர் மேடம். அடுத்த மே மாதம் ஓய்வு பெறுகிறவர். முப்பது வருஷத்துக்கு மேல் சர்வீஸ். அலுவலக விழா ஒவ்வொன்றுக்கும் மேடை போட ஆள் பிடித்தவர், தான் ஒரு முறையும் ஏறியதில்லை. போவதற்குள் ஒரு தடவை ஏறிவிடணும் என்று வெளிப்படையாகவே சொன்னார். குறுக்கே நின்றது மூட்டு வலி மட்டும்தான். நாற்காலியை விட்டு எழுந்திருக்கும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு யாரையோ திட்டுவதுபோல ஒரு சத்தம் போடுவார். புதிதாக வந்தவர்கள் தங்களைத்தான் திட்டுகிறார் என்று பயந்துபோவதுண்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அடி அண்ணாமலைக்கு ஷேர் ஆட்டோவில் போனோம். மலை பின்னால் தெரிகிற மாதிரி கிரிவலப் பாதை ஓரம் ஒரு இடம் பார்த்து, டீக்கடை பெஞ்சில் என் போனை நிறுத்தி வைத்து ஆடினோம். பௌர்ணமி இல்லாததால் பின்னால் நடந்து போனவர்கள் கொஞ்சம் பேர்தான். தூக்குச்சட்டியோடு ஒரு காவிச் சாமியார் மட்டும் அவசரமே இல்லாமல் எங்களைப் பார்த்தபடி கடந்து போனார். மொத்தம் மூன்று நிமிடம் நாற்பது நொடி வந்திருந்தது.

நறுக்குகிற வேலை என்னுடையது. பாட்டில் ஐந்து சரணம். ஒவ்வொரு சரணத்துக்கும் ஒருவர் நடுவில் நின்று பாட, மற்றவர்கள் சுற்றி வருவோம். ஒரு சரணத்தை எடுத்துவிட்டால் கணக்கு முடிந்தது. யாருடையதை எடுத்தாலும் திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒரு ஃபைல் நகராது, அதனால் எதையும் தொடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. கடைசிச் சரணம் நாற்பத்திரண்டு நொடி. அதை எடுத்தால் சரியாக இரண்டு ஐம்பத்தெட்டில் முடியும். அந்தச் சரணம் என்னுடையது. அதற்கென்றே மாம்பழக் கலரில் புடவை எடுத்திருந்தேன்.

அப்போதுதான் மென்பொருளில் வேகத்தை மாற்றும் இடம் கண்ணில் பட்டது. கிளிப்பைத் தொட்டால் நூறு என்று ஒரு எண் வரும், அதை ஏற்றினால் ஆட்டம் வேகமாகும். நூற்று இருபது போட்டேன், அப்போதும் மூன்று நொடி அதிகமாக நின்றது. மேடத்தின் குரல் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் குரலாகிவிட்டது. குரல் மாறாமல் இருக்க ஒரு கட்டம் இருந்தது, அதில் டிக் போட்டேன். நூற்று இருபத்துமூன்றில் எல்லாம் அடங்கியது, என் புடவை உட்பட. சாமியார் மட்டும் வேலூர் பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவர் மாதிரி ஓடினார். அவரை யார் பார்க்கப் போகிறார்கள் என்று அனுப்பிவிட்டேன்.

தேர்வாகிவிட்டோம். வீடியோவை எல்லோரும் பார்த்துப் பார்த்து மாய்ந்துபோனார்கள். மேடம் தினமும் மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும் முன் ஒரு முறை பார்ப்பார். தன் கால்கள் அவ்வளவு சுருக்காக எழுந்து இறங்குவதைப் பார்த்துவிட்டு, போன மாதம் வாங்கிய மூட்டுவலி எண்ணெய்தான் காரணம் என்று முடிவு கட்டினார். லிஃப்டை விட்டுவிட்டுப் படியேற ஆரம்பித்தார். அலுவலகமே அந்த எண்ணெய் வாங்கியது. எனக்கு மூட்டில் ஒன்றும் இல்லை. குற்ற உணர்ச்சியில் நானும் இரண்டு பாட்டில் வாங்கினேன்.

மேடைக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒத்திகை தொடங்கியது. மூன்று நிமிடத்தில் மணி அடித்துவிடுவார்களாம். ஆடிப் பார்த்தோம்: மூன்று நாற்பது. மறுபடி ஆடினோம்: மூன்று நாற்பத்தைந்து. வீடியோவில் வந்தது இப்போது ஏன் வரவில்லை என்று ஆளாளுக்கு ஒரு காரணம் கண்டுபிடித்தார்கள். தயிர் சாதம் என்றார் ஒருவர். மொசைக் தரை வழுக்குகிறது என்றார் இன்னொருவர். நான் கடிகாரத்தைக் குறை சொன்னேன். நாலாம் நாள் மேடம் ஆட்டத்தை நிறுத்திவிட்டுச் சுவர் ஓரமாய்ப் போய் உட்கார்ந்தார்.

"நான்தான் எல்லாரையும் இழுக்கறேன். அன்னிக்கு ஏதோ எண்ணெய் புண்ணியத்துல வந்துட்டுது. நீங்க ஏழு பேர் போயிட்டு வாங்க, நான் கீழே உட்கார்ந்து பார்க்கறேன்."

அதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். ஒரு மாம்பழக் கலர் புடவைக்காக ஒரு மனுஷியை மேடையிலிருந்து இறக்கிவிட்டேனே என்று எனக்குத்தான் அவமானமாக இருந்தது. மற்றவர்கள் கிளம்பும்வரை காத்திருந்து, மேடத்தின் மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்தேன். நூற்று இருபத்துமூன்றை அவர் கண் முன்னாலேயே நூறாக மாற்றினேன். ஓடிக்கொண்டிருந்த சாமியார் நடக்க ஆரம்பித்தார். மேடத்தின் காலும் நடக்க ஆரம்பித்தது.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இரண்டு முறை முழுசாகப் பார்த்தார். திட்டு விழும் என்று தலை குனிந்து நின்றேன்.

"அப்ப எண்ணெய்?" என்றார்.

எண்ணெய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றேன். மனசு கேட்காமல் கடைசிச் சரணத்தின் கதையையும் சொல்லிவிட்டேன். மேடம் நாற்காலியில் சாய்ந்து, ஒரு விடுப்பு விண்ணப்பத்தைப் பார்க்கிற மாதிரி என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, நூறிலேயே ஆடலாம், கடைசிச் சரணம் வேண்டாம், என்று முடித்துவிட்டார். மறுநாள் மற்றவர்களிடம் அது என் யோசனை என்று சொல்லி என்னைக் காப்பாற்றினார். என் தியாகத்தைப் பாராட்டி ஆறு பேரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு நின்றதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை.

மேடையில் இரண்டு ஐம்பத்தெட்டில் முடித்தோம். பரிசு வேறு யாருக்கோ போனது. மேடம் முதல் சரணத்தை நடுவில் நின்று, மூச்சு வாங்காமல், தன் வேகத்தில் பாடினார். நான் மாம்பழக் கலரோடு பின்னால் சுற்றி வந்தேன். இறங்கும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். கடைசிப் படியில் நின்று என் காதருகே குனிந்தார்.

"அந்த வேகமான வீடியோவை அழிச்சிடாதம்மா. எங்க வீட்டுக்காரர்கிட்டயும் ஒண்ணும் சொல்லிடாத. அதைப் பார்த்துட்டுத்தான் அவரும் எண்ணெய் தடவறாரு. ரெண்டு வருஷமா வாசல் தாண்டாத மனுஷன், இப்ப தினம் தெருக்கோடி வரைக்கும் போயிட்டு வர்றாரு."

வீட்டில் மிச்சமிருந்த என் இரண்டு பாட்டிலையும் மறுநாள் அவர் மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.