பாலத்தைக் காத்த என் மாமனார்

எங்கள் அருங்காட்சியகத்தில் ஒரு போர் இருக்கிறது. கட்டில் அகல மேஜையில் ஓர் ஆறு, ஒரு பாலம், விரல் உயரத்துக்கு ஈயச் சிப்பாய்கள். தூசி தட்டி, சாய்ந்தவர்களைப் பசை போட்டு நிறுத்துவது என் வேலை. ஊரே மார்தட்டும் அந்தச் சண்டையில் பாலத்தைக் காத்த படைப்பிரிவில் என் மாமனாரும் இருந்தார். நடுப்பாலத்தில் நெஞ்சை நிமிர்த்தி நிற்பவர் அவர்தான் என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவேன்.

மாமாவோடு ஒரே வீட்டில் காலம் தள்ளப் பொறுமை வேண்டும். படையிலிருந்து வந்து, பேருந்துப் பணிமனையில் டயர் மாற்றி ஓய்வு பெற்றவர். டீயில் சூடு போதாது, மின்விசிறி கிறீச்சிடுகிறது, செய்தி வாசிப்பவன் வார்த்தையை மெல்லுகிறான் என்று நாளெல்லாம் குறை. ஆனால் போரைப் பற்றி மட்டும் வாயைத் திறக்க மாட்டார். வெற்றி நாளில் மேடையேற்றினால் வயிற்றுவலி என்று இறங்கிவிடுவார். தன்னடக்கம் என்று ஊர் மெச்சியது. நானும் மெச்சித் தொலைத்தேன்.

இந்த லட்சணத்தில் ஒரு பேராசிரியர் வந்து சேர்ந்தார். எதிரிகள் விமானத்திலிருந்து எடுத்த படங்களை அலசிவிட்டாராம். பாலத்தில் சண்டையே நடக்கவில்லையாம். நம் ஆட்கள் முன்பே பின்வாங்கிவிட்டார்களாம். எதிரியைத் தடுத்தது ஆற்று வெள்ளம்தானாம். நிர்வாகக் குழு மண்டையை ஆட்டிவிட்டு, பாலத்தைக் காலி செய் என்று எனக்கு உத்தரவு போட்டது.

எனக்கு வந்ததே கோபம்! "அப்போ பதக்கத்தை வெள்ளத்துக்கா சார் குத்தப் போறீங்க?" என்று கத்தினேன். வேலையை விட்டுவிடுவேன் என்றேன். கத்தல் தாங்காமல், மாமனாரையே அழைத்துவரச் சொன்னார்கள். கூட்டிப்போனேன். வழியெல்லாம் செருப்பு கடிக்கிறது என்று புலம்பல்.

மேஜை முன் நிறுத்தினேன். "சொல்லுங்க மாமா. நீங்க இங்கதான நின்னீங்க?"

"இல்லம்மா. ஓடிட்டோம்."

அவருக்காக நிர்வாகத்தைப் பகைத்துக்கொண்டு நிற்கிறேன், மனுஷன் செருப்பைக் கழற்றிக் காலைத் தடவுகிறார்.

"இத்தனை வருஷமா ஏன் மாமா சொல்லல?"

"எப்படி நின்னீங்கன்னுதான் கேட்டாங்க. நின்னீங்களான்னு எவன் கேட்டான்?"

அழுகையும் ஆத்திரமுமாகக் கத்தியை எடுத்து, பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்தேன். நடுவில் நின்றதைப் பெயர்க்கப் போனபோது மாமா என் கையைப் பிடித்தார்.

"ஒருத்தன் இருக்கட்டும்."

"எல்லாரும் ஓடிட்டோம்னு நீங்கதான சொன்னீங்க!"

"கூட்டாளி ஒருத்தன். காலு போயிடுச்சு. தூக்கிட்டுப் போடான்னு கூப்பிட்டான். நான் திரும்பியே பாக்கல. தண்ணி வந்தப்போ அவன் பாலத்துலதான் இருந்தான்."

பேராசிரியர், "இதுக்கு ஆதாரம்..." என்று இழுத்தார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

மாமா குனிந்து அந்தப் பொம்மையின் காலைத் தொட்டுப் பார்த்தார்.

"உக்காந்த மாதிரி ஒண்ணு கிடைக்குமாம்மா? அவனால நிக்க முடியாது."