மேனேஜர் வண்டிக்கு வைத்த பஸ்ஸர்

ராஜபாளையத்தில் நான் எலக்ட்ரீஷியனாக இருந்த ஸ்பின்னிங் மில்லுக்குத் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு கோல்ஃப் வண்டி வந்தது. மேனேஜர் வெங்கட்ராஜாவுக்கு முழங்கால் தேய்ந்துவிட்டது. மில்லைச் சுற்றிவர முடியாதவனுக்கு எதற்கு வேலை என்று அவர் விலகப் பார்த்தார். அவரை விட மனமில்லாத முதலாளி, மலையில் ஒரு கிளப்பில் கழித்துப் போட்ட பேட்டரி வண்டியை லாரியில் ஏற்றிவந்து என் முன்னால் இறக்கினார். செலவு இழுக்காமல் ஓட வைக்க வேண்டும் என்பது உத்தரவு.

மோட்டாருக்குக் கார்பன் பிரஷ் மாற்றினேன். கருகிய கான்டாக்டர் ஸ்விட்சைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். ஆறு வோல்ட் பேட்டரிகள் ஆறும் செத்திருந்தன. மொத்தம் முப்பத்தாறு வோல்ட்தானே என்று, ஷெட்டில் கிடந்த பழைய பன்னிரண்டு வோல்ட் லாரி பேட்டரிகள் மூன்றைச் சீரியலில் மாட்டினேன்.

எலுமிச்சம்பழம் நசுக்கி வண்டி கிளம்பியது. குடோன் வரை கம்பீரமாகப் போய், திரும்பும்போது நின்றுவிட்டது. இறங்க முயன்ற மேனேஜரை உட்கார வைத்து எட்டுப் பேர் தள்ளினோம்.

"ஏமய்யா சவரிமுத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் தேராவது வருசத்துக்கு ஒருக்காத்தான் ஆளு கேக்கும்" என்றார். பிறகு குரல் இறங்கியது. "இதுக்கு நான் வீட்டுலயே இருந்துக்கிடுதேன்."

மறுநாளே செத்துப்போன ஆறு வோல்ட் பேட்டரிகளை மில் வேனில் ஏற்றி, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பேட்டரி கடை வைத்திருந்த மாடசாமி அண்ணாச்சியிடம் போனேன். நடந்ததைக் கேட்டு, லாரி பேட்டரி இன்ஜினை ஸ்டார்ட் பண்ணத்தான், நாள் முழுக்க இழுக்காது என்று சிரித்தார். பழைய பெட்டிகளிலேயே தடித்த பிளேட் போட்டுத் தந்தார். வண்டி ஷிப்டு முழுக்க ஓடியது, பூனை மாதிரி சத்தமே இல்லாமல்.

அதுதான் வினையாயிற்று. பெருக்கிக்கொண்டே பின்பக்கமாக நகர்ந்து வந்த ஒரு அம்மா வண்டியின் மேலேயே சாய்ந்துவிட்டார். அதே வாரம் வைண்டிங் செக்ஷன் முத்தையா, டீ நேரத்தில் மேனேஜர் நொண்டி நடப்பதை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். எதிரில் நின்றவர்களின் சிரிப்பு திடீரென்று நின்றது. அவனோ இன்னும் ஜோராக நொண்டினான். முதுகுக்குப் பின்னாலிருந்து மேனேஜர் குரல் நிதானமாக வந்தது.

"இடது கால் இல்ல முத்தையா. வலது."

மறுநாள் முத்தையா நான்கு பேருடன் என்னிடம் வந்தான். "அண்ணே, அந்த வண்டிக்கு ஏதாச்சும் ஒரு சத்தம் வையிங்க. புண்ணியமாப் போவும்."

லாரி ரிவர்ஸ் பஸ்ஸர் ஒன்றை வாங்கி, பெடலை மிதித்தால் கத்தும்படி மாட்டினேன். சாயங்காலமே மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். பெருக்குகிற அம்மாவின் பாதுகாப்புக்காக என்றேன்.

"அதுக்கு மட்டுமா?"

நான் குனிந்து பஸ்ஸர் வயரைச் சரிபார்த்தேன்.

"முந்தி எஞ் செருப்புச் சத்தம் கேட்டாலே அவனவன் மெஷினுக்குப் போயிருவான். நான் ஒருத்தரையும் வஞ்சதில்ல. இந்த வண்டி வந்த பொறவு தினம் நாலு பேர வைய வேண்டியிருக்கு" என்றார். "பஸ்ஸர் இருக்கட்டும். ரிங் ஃபிரேம் மெஷின் இரைச்சல்ல கேக்கல, செத்த பெருசா மாட்டு."

பெரிதாகவே மாட்டினேன். அதற்குப் பிறகு எந்த வண்டியைப் பழுது பார்த்தாலும், ஓட்டுகிறவரிடம் மட்டுமில்லை, எதிரில் நடந்து வருகிறவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வேன்.