பதினாறு இஞ்ச் வீலும் ஏற்றாத நான்கு பேரும்

“12.1.2019, சனி. வெள்ளிமலை சாமிக்கண்ணு. அம்பாசடர், 1984 மாடல். பதினைந்து இஞ்ச் ரிம் கழற்றி, பதினாறு இஞ்ச் அலாய், அகல டயர் நான்கு. சாக்பீஸ் டெஸ்ட் ஓகே.”

என் வேலை நோட்டில் உள்ள குறிப்பு இது. கள்ளக்குறிச்சியில் இருபத்தாறு ஆண்டுகள் டயர் கடை வைத்திருந்தேன். நான் எழுதியவற்றில் கடைசி மூன்று சொற்களைப்போல் வேறெதுவும் என்னை உறுத்தியதில்லை.

சாமிக்கண்ணு கல்வராயன் மலையில் வாடகைக்கு வண்டி ஓட்டியவர். ஊர்க்காரர்களை ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் இறக்கிக் கொண்டுவருவார். குடும்பத்துக்கு அந்த வண்டியும் கொஞ்சம் சாமைக்காடும்தான். பாதையில் அடிப்பாகம் கல்லில் இடிக்கிறது, வண்டி உயர வேண்டும் என்று வந்தார். அவர் கேட்டது உயரம் மட்டும். பார்வையாக இருக்கும் என்று அகல டயரைச் சேர்த்தது நான்.

பெரிய டயர் போட்டால் அது எங்காவது உரசுகிறதா என்று பார்க்க எங்களுக்கு ஒரு முறை உண்டு. டயரின் ஓரங்களில் சாக்பீஸ் பூசி, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடிப்போம். உரசிய இடத்தில் வெள்ளை அழிந்திருக்கும். அன்று எங்கும் அழியவில்லை. ஆனால் வண்டி காலியாக நின்றது. ஆள் ஏறினால் வண்டி அமுங்கும், இடைவெளி குறையும்.

அதை அவர்தான் கேட்டார்.

“மேஸ்திரி, நாலு ஆள ஏத்திக்கினு இன்னொருவாட்டி ஒடிச்சிப் பாக்கலாமா? மலையில என் வண்டி காலியாவா போவுது?”

“பொங்கல் நேரத்துல ஆளுக்கு எங்கய்யா போறது? இன்னும் ஒம்போது வண்டி நிக்குது. நீ இன்னா மாப்பிள்ளையா, தோழனுங்க நாலு பேரு கூட வர்றதுக்கு?”

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். “நீங்க சொன்னா சரிதாங்க” என்று கிளம்பிவிட்டார். சிரித்தவர்கள் ஐந்து பேர், டீ குடித்துக்கொண்டு பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தவர்கள். அவர்களையே ஏற்றியிருக்கலாம்.

18.1.2019, வெள்ளி. ஆறு பேருடன் மலை இறங்கும்போது, ஒரு கொண்டை ஊசி வளைவில் பிரேக் பெடல் தரையோடு போய்விட்டது. முன்டயரை ஒட்டி ஓடும் பிரேக் ஹோஸ், அதாவது பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய், அறுந்திருந்தது. அவர் வண்டியில் நாலு வீலுக்கும் ஒரே எண்ணெய் லைன். ஒரு ஹோஸ் போனால் எல்லா பிரேக்கும் போகும். அவர் பள்ளத்தின் பக்கம் விடாமல் மலைப்பக்கத்து ஓடையில் வண்டியை இறக்கினார். ஏறியவர்களுக்குச் சிராய்ப்புதான். அவருக்கு வலது முழங்கால் நொறுங்கியது.

மார்ச் முதல் வாரத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். காலை நீட்டியபடி உட்கார்ந்திருந்தார்.

“வாங்க மேஸ்திரி. வண்டி ஏத்தத்துல சும்மா ஜம்முனு போச்சுங்க. எங்கயும் இடிக்கல.”

அவர் மனைவி தண்ணீர்ச் சொம்பை என் முன்னால் வைத்தார். “நாலு ஆளு கேட்டாராமே. அவ்ளோ பெரிய ஊர்ல கெடைக்கலீங்களா?”

அவர் கால் அதன்பின் மடங்கவே இல்லை. வண்டி ஓட்டுவதும் அதோடு நின்றது.

வீல் அளவு மாற்றிய எந்த வண்டியையும், அது வழக்கமாகச் சுமக்கும் ஆட்களை ஏற்றிப் பார்க்காமல் அதன்பிறகு நான் வெளியே விடவில்லை. கடையை மூடும்வரை அப்படித்தான்.

ஒன்றை மட்டும் என்னால் உறுதி செய்ய முடியவில்லை. நான் போவதற்குள் வண்டி பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஹோஸில் டயர் தேய்த்த தடம் இருந்தது என்றார் வண்டியை இழுத்து வந்தவர். ரப்பர் பழசாகி வெடித்தது என்றார் வாங்கியவர். அந்த ஹோஸை நான் பார்க்கவில்லை. இரண்டில் எது உண்மை என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.