தானாகத் திறந்த பக்கம்

என் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரம் மட்டும் மிச்சம். ஓரத்தில் வாசல் வெளிச்சம் தெரியும், கொடியில் ஆடும் சேலை தெரியும். கணினித் திரையின் குட்டிப் படங்கள் தெரியாது. கடவுச்சொல்லை விரல்களே அடித்துவிடும். டைப்ரைட்டிங் படித்த விரல்கள், தமிழையும் அடித்துவிடும். ஆனால் தமிழ் விசைப்பலகைச் செயலியையும் எழுதும் பக்கத்தையும் யாராவது திறந்து தர வேண்டும்.

மனைவி திறந்து வைத்துவிட்டுக் காரைக்கால் பஸ்ஸைப் பிடிப்பாள். எங்கள் கோட்டுச்சேரியில் அதன்பிறகு கரண்டு போகும், வரும். என் பக்கம் மட்டும் திரும்பி வராது. யாரையும் கூப்பிடாமல் ஒரு பகல் எழுத வேண்டும். அது ஒன்றுதான் கேட்டேன்.

"உள்ள நொழஞ்சதும் தானா தொறக்குற மாதிரி வச்சிடலாங்க," என்றாள். தொடக்கக் கோப்புறையில் இரண்டையும் போட்டு, விசைப்பலகைக்கு ஒன்று, பக்கத்துக்கு இரண்டு என்று பெயருக்கு முன்னால் எண் கொடுத்தாள். "ஆஸ்பத்திரி டோக்கன் மாதிரி. ஒண்ணு போனப்பறந்தான் ரெண்டு."

கணினி அந்த டோக்கனை மதிக்கவில்லை. இரண்டும் சேர்ந்து முண்டின, பக்கம் முந்திக்கொண்டது. அந்தப் பழைய செயலியோ, தனக்கு முன்பே திறந்த பக்கத்தில் ஒட்டாது. அது தெரியாமல் பகலெல்லாம் அடித்தேன். அப்படி ஒரு வேகம் எனக்கு வந்து வெகுநாளாகியிருந்தது.

சாயங்காலம் வந்து பார்த்தாள்.

"என்னங்க, பூராவும் இங்கிலீஷ் எழுத்தா கெடக்கு."

"படி."

"எஃப். எல். வொய். அப்பறம் புள்ளியும் கமாவும் சேந்தாப்ல ஒண்ணு."

அதே விசைகளைத் தொடையில் விரலால் அடித்துப் பார்த்தேன். "கடல்."

"நாள் பூரா ஒக்காந்து கடலா? கடக்கரை மேட்டுக்குப் போனா சும்மாவே கெடக்குமே."

சிரித்துவிட்டு, உலை வைத்துவிட்டு வந்து, எழுத்தெழுத்தாகச் சொன்னாள். இரண்டு வாக்கியம் தேறியது. சல்லடையில் அள்ளிய தண்ணீர் போல அவற்றில் ஓட்டமே இல்லை. அவள் கொட்டாவியை அடக்குவது கேட்டது.

"போதும், விடு."

பிறகு யாரையோ விசாரித்து, விசைப்பலகை முதலில் எழுந்து, பக்கம் சற்றுப் பொறுத்துத் திறக்கும்படி மாற்றினாள். "இப்ப சரியா வருதுங்க. நான் பாத்துட்டேன்."

அவள் பார்த்துவிட்டாள். நான் எதைப் பார்ப்பேன்? ஒரு வரி அடிக்கிறேன், விரல் நின்றுவிடுகிறது. விழுந்தது தமிழா, குப்பையா? கரண்டு போகிறது, வருகிறது, பக்கம் தானாகத் திறந்துகொள்கிறது. அதன் எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சாயங்காலம் அவள் குனிந்து பார்த்து, "தமிழ்தாங்க," என்கிறாள். அதற்குள் அடுத்த வரி மனசைவிட்டுப் போய்விடுகிறது.