ஒரு நாள் முந்தி வந்த துக்கம்

பாதையில் பச்சைக் கிளை கிடந்தால் பக்கத்தில் எங்கோ சாவு விழுந்திருக்கிறது என்று எங்கள் முலாஞ்சே மலையடிவாரத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். சைக்கிளில் போகிறவன் இறங்கித் தொப்பியைக் கழற்றுவான். மினிபஸ்காரன் பாட்டை நிறுத்திவிட்டு ஊர்ந்து போவான். இப்பேர்ப்பட்ட சங்கதி எஸ்நாத்துக்கு மறந்துபோயிற்று என்றால், அவள் மனசு எந்த நிலையில் இருந்திருக்கும் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று காலை அவள் வாசலைப் பெருக்கினாள். சட்டிபானையைக் கழுவிக் கவிழ்த்தாள். புருஷன் ஃபாக்சனின் சட்டைகளைத் துவைத்துக் காயப்போட்டாள். கூரைமேல் சாய்ந்திருந்த மாமரக் கிளை அடுத்த மழைக்குக் கூரைப் புல்லைப் பெயர்த்துவிடும், அவன் தனியாளாகக் கிடந்து நனையக் கூடாது என்று அதையும் வெட்டினாள். ஏனென்றால் அன்று பொழுது சாய்வதற்குள் தன் உயிரை முடித்துக்கொள்வதென்று அவள் தீர்மானித்திருந்தாள். கிளையைப் பாதைவரை இழுத்துப் போனதோடு தெம்பு தீர்ந்துபோனது. போட்டது போட்டபடி உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவளுக்கு என்ன குறை என்று ஊரைக் கேட்டால், ஒன்றுமில்லை என்றுதான் சொல்லும். ஊர் அப்படித்தான் சொல்லும். மழை தொடங்கிய மாதம் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது, மூச்சில்லாமல். அதை எங்கள் பக்கத்தில் சாவு என்றே கணக்கில் எடுப்பதில்லை. மூத்த பெண்கள் இரண்டு மூன்று பேர் துணியில் சுற்றி எடுத்துப் போய்ச் சத்தமில்லாமல் புதைத்துவிட்டு வருவார்கள். ஆண்கள் போகக் கூடாது. பெற்றவளும் போகக் கூடாது. ஒப்பாரி இல்லை, பாட்டில்லை, ஜெபமில்லை. அழுதால் அடுத்தது தங்காது என்று அவள் வாயையும் அடைத்துவிடுவார்கள். என்ன நியாயமோ! ஆடு செத்தால்கூட நாலு பேர் வந்து உச்சுக்கொட்டுகிற ஊர் இது.

புதைக்கப் போனவர்களில் முதல் ஆள் எனலேசி அம்மா, சபை மாதர் சங்கத் தலைவி. போய்விட்டு வந்து கைகழுவிக்கொண்டே, "விசுவாசம் உள்ளவ மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்க மாட்டா, எஸ்நாத். எந்திரிச்சு வேலையப் பாரு," என்றாள். எஸ்நாத் எழுந்து வேலையைப் பார்த்தாள். சோளம் விதைத்தாள், களை எடுத்தாள், அறுத்தாள். ஆனால் ஜெபிக்க முழங்கால் போட்டால் ஒரு சொல் வரவில்லை. கடவுளும் அந்தப் பெண்களோடு சேர்ந்துகொண்டு தன்னை வாயை மூடு என்கிறார் என்றே நினைத்தாள். கோயிலுக்குப் போவதை விட்டாள். பிறகு சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை. பிள்ளை எங்கோ தனியாகக் கிடக்கிறது, பக்கத்தில் யாருமில்லை என்கிற ஒரே நினைப்பு ராப்பகலாக அரித்தது. கூடப் போய்ப் படுத்துக்கொண்டால் என்ன என்று ஒருநாள் தோன்றியது. அப்புறம் வேறெதுவும் தோன்றவில்லை.

பாயில் கிடந்தபடி பாதையைக் கேட்டுக்கொண்டிருந்தாள். மினிபஸ் ஒன்று வீட்டு முன்னால் பாட்டை நிறுத்தியது. ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒருவன் சைக்கிளை விட்டு இறங்கித் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தான். யாரோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்று புரிந்தது. கொடுத்து வைத்தவர்கள் என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

வெயில் ஏறியபோது வாசலில் வீல் என்று ஒரு குரல். அடுத்த வீட்டு மெலியா.

"ஐயோ எஸ்நாத்து! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாமப் போயிட்டியேடி! நேத்துகூட உப்பு கேட்டேனே, எடுத்துக் குடுத்தியேடி, பாவி!"

எஸ்நாத் எழுந்து உட்கார்ந்தாள். தன் இரண்டு கைகளையும் புரட்டிப் பார்த்தாள். நான் முடித்துவிட்டேனா? எப்போது? அதற்குள் பாதையிலிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. நாலு குரலில், இழுத்து இழுத்து, பிணத்துக்கு முன்னால் மட்டுமே பாடுகிற பாட்டு. வெள்ளைச் சட்டையும் கறுப்புப் பாவாடையுமாக மாதர் சங்கம் முழுக்க வந்துகொண்டிருந்தது. தலையில் சோளமாவுப் பேசின், விறகுக் கட்டு. பின்னால் சபை மூப்பர். அவருக்குப் பின்னால் மண்வெட்டிகளோடு குழிவெட்டிகள்.

அவள் எழுந்து கதவைத் திறந்தாள்.

மெலியா ஒப்பாரியைப் பாதியில் விழுங்கிவிட்டு, கவிழ்த்துவைத்த பானைகள்மேல் மல்லாக்க விழுந்தாள். "பேய்! பேய்!" என்று இரண்டு பேர் ஓடினார்கள். பாட்டு ஒவ்வொரு குரலாக அறுந்தது. குழிவெட்டிகளின் தலைவன் சிகேலோ மட்டும் அசையவில்லை. சாவு வீட்டில் கேலி பேச எங்கள் ஊரில் குழிவெட்டிக்கு மட்டும்தான் உரிமை.

"அளவெடுக்கலாம்னு வந்தோம். ஆளே எந்திரிச்சு வந்து நிக்குது," என்றான். "தாயி, கொஞ்சம் படுத்துக் காட்டுறீங்களா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. எனலேசி அம்மா மாவுப் பேசினைத் தலையில் பிடித்தபடி முன்னால் வந்தாள். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"எஸ்நாத், பாதையில கிளை கிடக்கு. இந்த வீட்டுல யாரு செத்தது?"

"இன்னும் யாரும் சாகலம்மா," என்றாள் எஸ்நாத். "ஒரு நாள் முந்தி வந்துட்டீங்க."

முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. எனலேசி அம்மாவுக்குத்தான் கண் அலைந்தது. பெருக்கின வாசல், காய்கிற சட்டைகள், வெட்டின மரம். எத்தனையோ பிணத்தைக் குளிப்பாட்டிய கை அது. பேசின் நழுவி விழுந்து, மாவு கறுப்புப் பாவாடையெல்லாம் கொட்டியது. "ஆண்டவரே," என்றாள், மூச்சுக் குரலில். "ஆண்டவரே, ஆண்டவரே."

அந்த நேரத்தில்தான் ஃபாக்சன் வந்து சேர்ந்தான். சைக்கிளில் ஆள் ஏற்றிப் பிழைக்கிறவன் அவன். பெண்டாட்டி செத்துப்போனாள் என்று சந்தையில் எவனோ சொல்ல, பின்சீட்டில் உட்கார்ந்திருந்த பயணியை இறக்கிவிடக்கூடத் தோன்றாமல் மிதித்துக்கொண்டே வந்திருக்கிறான். சைக்கிளை அவன் போட்ட வேகத்தில் அந்த மனுஷன் கோழிக்கூண்டோடு புழுதியில் உருண்டான். ஃபாக்சன் நேரே வந்து எஸ்நாத்தின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தான். மூக்கருகில் கையை வைத்தான்.

"செத்துட்டேன்னாங்களே!"

"இனிமேத்தான் சாகணும்னு இருந்தாளாம்," என்றாள் மெலியா, பானைகளுக்கு நடுவிலிருந்து. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

கூட்டம் கசகசவென்று பேசிக்கொண்டது. யாரும் சாகவில்லையே, அது போதும், போகலாம் என்று சிலர் விறகைத் தூக்கினார்கள். வெள்ளைச் சட்டைகள் ஒவ்வொன்றாகப் பாதைப் பக்கம் திரும்புவதை எஸ்நாத் பார்த்தாள். இவர்கள் போய்விடுவார்கள். அப்புறம் அந்தச் சாயங்காலம் வந்துவிடும். காலையில் பயப்படாதவளுக்கு இப்போது அதை நினைக்கப் பயமாக இருந்தது.

"போகாதீங்க," என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. "போகாதீங்க! என் வீட்டுல சாவு விழுந்துச்சு. அப்ப நீங்க வரல. இப்பத்தான் வந்திருக்கீங்க. உக்காருங்க."

"யாருடி செத்தது?" என்றாள் மெலியா.

"எம் பொண்ணு. மயாமிகோ."

மெலியா வாயில் கைவைத்தாள். "பேரு வேறயா! மூச்சே விடாததுக்கு ஏதுடி பேரு? துக்கம் கேட்டா குடும்பத்துக்கு ஆகாது. வழக்கம் தெரியாதா உனக்கு?"

"எங்க புதைச்சீங்க?" என்றான் ஃபாக்சன் தரையிலிருந்து. அவன் சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "எம் பிள்ளைய எங்க வச்சீங்க? எனக்குக்கூடச் சொல்லலையே. தினம் இந்த ஊர் முச்சூடும் சைக்கிள் ஓட்டுறேன். அவமேல ஏத்திருவேனோ, ஏத்திருவேனோன்னு பயந்து பயந்து ஓட்டுறேன்!"

எஸ்நாத் திடுக்கிட்டுப் புருஷனைப் பார்த்தாள். இவனுக்கும் இருந்திருக்கிறது. ஒரே பாயில் முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டு இரண்டு பேரும் தனித்தனியாக வெந்திருக்கிறார்கள்.

எல்லாரும் எனலேசி அம்மாவைப் பார்த்தார்கள். போ என்று அவள் சொன்னால் எல்லாரும் போயிருப்பார்கள். இதில் சந்தேகமே வேண்டாம். அவள் மெல்லத் தரையில் உட்கார்ந்து, துக்க வீட்டில் உட்காருவது போலக் காலை நீட்டினாள்.

"வழக்கம் கிடக்கட்டும், மெலியா. சிநேகிதன் செத்த ஊருக்கு நம்ம ஆண்டவர் போனாரே, போய் என்ன பண்ணினாரு? இன்னும் கொஞ்ச நேரத்துல செத்தவன உயிரோட எழுப்பப் போறோம்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும் நின்னு அழுதாரு. அவரையும் மிஞ்சின விசுவாசமா நமக்கு?" அவள் எஸ்நாத்தின் பக்கம் திரும்பினாள். "மகளே, உன் வாய அடைச்சது அவரில்ல. நான்தான். நான் பாவி. இன்னைக்கு ராத்திரி உன் பக்கத்துல நாங்க படுப்போம். நாளைக்கும் படுப்போம். ஆஸ்பத்திரிக்கும் நானே கூட்டிட்டுப் போறேன். இப்ப அழுடி. சத்தமா அழு."

கடவுள் தன்னை வாயை மூடச் சொல்லவில்லையா? எஸ்நாத் அதிர்ந்துபோய் நின்றாள். இத்தனை மாதமும் அவர் தன்னோடு நின்று அழுதுகொண்டிருந்தாரா? அவள் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது தன்னுடைய சத்தம்தானா என்று அவளுக்கே தெரியவில்லை. மெலியா பானைகளைத் தள்ளிவிட்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, அவளைவிடச் சத்தமாக அழுதாள்.

அழுது ஓய்ந்ததும் எனலேசி அம்மா முன்னால் நடந்தாள். கல்லறைத் தோட்டத்தின் வேலிக்கு வெளியே, புல் மண்டிய ஓர் இடத்தில் நின்று காட்டினாள். சிகேலோ ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. அவனும் ஆட்களும் புல்லைச் செதுக்கி, சுற்றிலும் மண்ணை அள்ளிப் போட்டு, மேடு கட்டினார்கள். மாதர் சங்கம் பாட்டை விட்ட இடத்திலிருந்து எடுத்தது.

எங்கள் ஊர் அடக்கத்தில் செத்தவரின் வரலாற்றைச் சொல்லாமல் முடிக்க மாட்டார்கள். எங்கே பிறந்தார், எங்கே படித்தார், எந்தச் சபை, எத்தனை பிள்ளைகள் எல்லாம் சொல்லியாக வேண்டும். மூப்பர் பழக்க தோஷத்தில், "இப்போது, மரித்தவருடைய வாழ்க்கை வரலாறு," என்று ஆரம்பித்துவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு தலை குனிந்தார். இந்தப் பிள்ளைக்கு என்ன வரலாறு?

"நான் சொல்றேன்," என்றாள் எஸ்நாத்.

"பேரு மயாமிகோ. என் வயித்துல இருந்தா. நான் கொய்யாப்பழம் தின்னா அவளுக்கு விக்கும். கோயில்ல பாட்டு எடுத்தா உதைப்பா, பிரசங்கம் ஆரம்பிச்சா தூங்கிருவா." யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மூப்பரும் சிரித்துவிட்டார். "இவரு சைக்கிள் மணி கேட்டா பெரண்டு படுப்பா. பொறந்தப்ப ஒரே ஒரு தடவைதான் பாத்தேன். காது அவங்கப்பா காது. தலை நிறைய முடி."

"முடி இருந்துச்சா?" என்றான் ஃபாக்சன்.

"நிறைய," என்றாள். "அவ்வளவுதான் அவ வரலாறு. தனியாக் கிடக்குறாளேன்னுதான் நான் கிளம்புனேன். இப்ப இத்தனை பேரு வந்து அவள ஆண்டவர் கையில குடுத்தாச்சு. அவரு பாத்துக்குவாரு. நான் அவகிட்ட மெதுவாவே போய்ச் சேர்றேன்."

ஆமென் சொல்ல வேண்டியவர் மூப்பர். ஃபாக்சன் முந்திக்கொண்டு சொன்னான், ஊருக்கே கேட்கும்படி.